நல்லா அழுத பொண்ணு

போன வாரம் கே.எல். சென்ட்ரலிலிருந்து கிள்ளானுக்குக் கம்யூட்டர் ரயிலில் வந்துகொண்டிருந்தேன். வேலை முடிந்து எல்லாரும் வீடு திரும்பும் நேரம். கம்பியைப் பிடிக்கக்கூட இடமில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பெண்மணி கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் திறந்து, நெற்றிப்பொட்டில் கொஞ்சம் தைலம் தேய்த்துக்கொண்டார். அவ்வளவுதான். நான் முகத்தைத் திருப்பி மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

தைல வாசம் உங்களுக்கு எதை ஞாபகப்படுத்துமோ தெரியாது. காய்ச்சலாக இருக்கலாம். கேமரன் மலைக்குப் போகும் பஸ்ஸில் வாந்தி எடுத்ததாக இருக்கலாம். எனக்கு அது இருட்டின் வாசம். ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய பள்ளி மண்டபமும், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ‘அம்மா, அப்பா’ என்று கதறும் பிள்ளைகளும், அவர்களுக்கு நடுவில் கைவிளக்கோடு குனிந்து குனிந்து நடந்து, மயங்கிச் சாய்ந்தவர்களின் மூக்கில் தைலம் தடவும் நானும்தான் அந்த வாசத்துக்குள் இருக்கிறோம்.

மலேசியாவில் தமிழ்ப் பிள்ளையாக வளர்ந்தவர்களிடம் ‘தன்முனைப்பு முகாம்’ என்றால் விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பரீட்சைக்குச் சில மாதங்களுக்கு முன்னால் பள்ளியோ, கோயிலோ, பெற்றோர் சங்கமோ ஒரு பேச்சாளரை அழைத்துவரும். காலையில் கைதட்டல், விளையாட்டு, ‘என்னால் முடியும்’ என்று தொண்டை கிழியக் கத்துவது. மத்தியானம் சோறும் கோழிக்கறியும். சாப்பிட்டுக் கண் சொக்கும் நேரத்தில் விளக்கை அணைத்துவிடுவார்கள். புல்லாங்குழல் இசை ஒலிக்கும். பேச்சாளர் குரலைத் தாழ்த்தி, “கண்ணை மூடிக்குங்க. உங்க அம்மா கையை நெனச்சுப் பாருங்க” என்று ஆரம்பிப்பார். அம்மாவின் கைக் காய்ப்பிலிருந்து அப்பாவின் கிழிந்த சட்டைக்குப் போவார். அங்கிருந்து நேராகச் சுடுகாட்டுக்குப் போய்விடுவார். “நாளைக்குக் காலையில உங்கப்பா எந்திரிக்கல...” அந்த இடத்தில் முதல் விசும்பல் கேட்கும். பிறகு மண்டபமே அழும். பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களும் அழுவார்கள். விளக்கு வந்ததும் பிள்ளைகள் ஓடிப்போய் அவர்களைக் கட்டிக்கொள்வார்கள். “பி.எம்.ஆர்.ல எட்டு ஏ எடுப்பேன்ப்பா!” என்று சத்தியம் செய்வார்கள். பி.எம்.ஆர். என்பது மூன்றாம் படிவத்தில், பதினைந்து வயதில் எழுதும் அரசாங்கப் பரீட்சை. எட்டுப் பாடம், எட்டிலும் ஏ வாங்குவதுதான் எல்லாருக்கும் கனவு.

நான் ஜெஞ்சாரோமில் படித்தபோது எங்கள் பள்ளிக்கும் அப்படி ஒரு முகாம் வந்தது. உண்மையைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, முதலில் எனக்கு அழுகையே வரவில்லை. கோழிக்கறி நன்றாக இருந்ததைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் பக்கத்தில் அழுதவளின் தலையைப் பேச்சாளர் வந்து தடவிக்கொடுத்தார். “தங்கமான மனசு” என்றார். என் தலையை அதுவரை எந்த ஆசிரியரும் தடவியதில்லை. அடுத்த நிமிஷம் நான் அழுத அழுகையில் பக்கத்து வகுப்புப் பிள்ளைகள் பயந்துவிட்டார்கள். பேச்சாளர் என் தலையிலும் கைவைத்து, மைக்கை என் கையில் கொடுத்தார். அம்மா பல மாதங்களுக்கு அந்தக் கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பேச்சாளரின் பெயர் குணா என்று வைத்துக்கொள்வோம். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்த காலத்தில், கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் பூக்கடைகளுக்கு மேலே மாடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். காலையில் கண் விழிக்கும்போதே மல்லிகையும் சாம்பிராணியும் படியேறி வந்து நிற்கும். பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் ஒருநாள் குணா சாரைப் பார்த்தேன். நானாகப் போய் அறிமுகம் செய்துகொண்டேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, “ஜெஞ்சாரோம்... நீதானே அந்த நல்லா அழுத பொண்ணு?” என்றார். அவரிடம் உதவியாளர் வேலை கிடைத்துவிட்டது. பலருக்குப் பட்டம் வேலை வாங்கிக் கொடுத்தது. எனக்கு என் கண்ணீர்.

குணா சாரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். காப்புறுதி முகவராக இருந்தவர். எஸ்டேட்டில் அப்பா இல்லாமல் வளர்ந்தவர். யாராவது ஒருவர் வந்து சின்ன வயதில் தன்னை உலுக்கியிருந்தால் தானும் படித்திருக்கலாம் என்று நிஜமாகவே நம்பினார். “அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு சொல்வாங்கம்மா. நான் சொல்றேன், அழுத புள்ளதான் பாஸ் பண்ணும்” என்பார். முகாம் முடிந்து வேனில் ஏறியதும் என் பக்கம் திரும்பி, “எப்படி இருந்துச்சு?” என்று கேட்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். விடைத்தாளை வாங்கக் கை நீட்டும் பையன் மாதிரி இருக்கும். “சூப்பர் சார்” என்று சொல்லும்வரை வேனைக் கிளப்ப மாட்டார்.

என் வேலை எளிது. புரொஜெக்டரைத் தூக்குவது, மடிக்கணினியைத் தட்டி இசையைப் போடுவது, விளக்கை அணைப்பது, தைலம். அந்தப் புல்லாங்குழல் இசை இருக்கிறதே, அது தியானத்துக்கென்று பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய ஒரு குறுந்தட்டு. பல வருஷம் கழித்து ஒரு சலூனில் தலை கழுவிக்கொண்டிருந்தபோது அதே இசையைப் போட்டார்கள். என்னையறியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. கழுவிய பெண் பதறிப்போய், “ஷாம்பு கண்ணுல பட்டுருச்சாக்கா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

கிள்ளான் பக்கத்துப் பள்ளி ஒன்றில்தான் லோகேஸ்வரியைப் பார்த்தேன். மூன்றாம் படிவம், மதிப்பெண் வரிசையில் பிரித்ததில் கடைசி வகுப்பு. எங்கள் ஊரில் கடைசி வகுப்பு என்றால் என்னவென்று அங்கே உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஆசிரியர் வராவிட்டாலும் யாரும் தேட மாட்டார்கள். அவள் மெலிந்த உடம்பும் பெரிய கண்களுமாக நடுவரிசையில் உட்கார்ந்திருந்தாள். இருட்டில் அவள் அழுத அழுகை மற்றவர்களுடையதைப் போல் இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. கடைசியில் மயங்கிச் சாய்ந்தாள். நான் தைலத்தோடு ஓடினேன். கண் திறந்ததும் குணா சார் அவளைக் கைத்தாங்கலாக மேடைக்கு அழைத்துப்போய், “இந்தப் புள்ளயப் பாருங்க! இதுதான் பாசம்!” என்றார். மண்டபமே எழுந்து கைதட்டியது. அவள் வகுப்பாசிரியர் பக்கத்திலிருந்தவரிடம், “யாரு இது? நம்ம பொண்ணா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது.

பின்வரிசையிலிருந்து அவள் அப்பா வந்தார். சுப்ரா அண்ணன், போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுபவர். கறுத்த, தாட்டியான மனிதர். மகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி தேம்பினார். “எட்டு ஏ எடுப்பேன்ப்பா” என்றாள் அவள். எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள்.

அன்று வேனில் குணா சார் ‘எப்படி இருந்துச்சு’ என்று கேட்கவில்லை. “அந்தப் புள்ளய நாம அடுத்த முகாமுக்குக் கூட்டிட்டுப் போகணும்மா. மத்த புள்ளைங்க அவளப் பார்த்தா போதும்” என்றார். சுப்ரா அண்ணனுக்கு ஒரே பெருமை. கடைசி வகுப்புப் பிள்ளையை ஒரு பெரிய மனிதர் வந்து கூப்பிடுகிறாரே. அப்படித்தான் சனிக்கிழமைகளில் எங்கள் வேன் பண்டமாரானில் இருந்த அவள் வீட்டுக்குப் போக ஆரம்பித்தது. வீட்டு வாசலில் சீருடையோடு தயாராக நிற்பாள். அவள் அம்மா தேங்காய்ப்பாலில் வேகவைத்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களை ஜன்னல் வழியாக நீட்டுவார்.

வேனில் அவள் வாயாடி. போர்ட்டில் பூனைகள் எப்படிக் கண்டெய்னருக்குள் குட்டி போடும் என்பாள். ஆங்கில டீச்சர் நடப்பதைச் செய்து காட்டுவாள். கணக்குப் புத்தகத்தை மடியில் வைத்திருப்பாள். அது ஒருநாளும் திறந்ததில்லை. மேடையில் விளக்கு அணைந்ததும் எங்கிருந்து வருமோ அந்த அழுகை. அவள் அழத் தொடங்கினால் முன்வரிசை அழும், முன்வரிசை அழுதால் மண்டபம் அழும். குணா சார் அவள் தலையில் கைவைத்து, “தங்கமான மனசு” என்பார். அதே வார்த்தைதான். என் தலையில் வைத்த அதே கைதான். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஒரு சனிக்கிழமை திரும்பி வரும் வழியில், குணா சார் பெட்ரோல் போட இறங்கியிருந்தார். லோகா பின்சீட்டிலிருந்து முன்னால் எட்டி என் தோளைத் தொட்டாள்.

“அக்கா, இன்னைக்கு நல்லா அழுதேனா?”

எனக்கு முதலில் புரியவில்லை. “என்னது?”

“இல்லக்கா, போன வாரம் மாதிரி வரல. சார் கை வெக்கறதுக்குக் கொஞ்சம் லேட்டாயிருச்சு. பாத்தீங்கதானே?”

அவள் மும்முரமாக விளக்கினாள். சமையல் பக்குவம் சொல்வதுபோல்தான் சொன்னாள்.

“மொதல்ல எல்லாம் அப்பாக்குக் காய்ச்சல்னு நெனச்சாலே வந்துரும்க்கா. அப்புறம் காய்ச்சல் வேலைக்கு ஆகல. செத்துட்டாருன்னு நெனச்சேன். அதுவும் பழகிருச்சு. இப்ப எப்படிச் செத்தாருன்னும் நெனைக்கணும். இன்னைக்கு லோரி கவுந்துச்சு. மழை, வெஸ்ட்போர்ட் ரோட்டுல. அப்பா உள்ள மாட்டிக்கிட்டாரு. அப்பதான் லேசா வந்துச்சு.”

பெட்ரோல் பங்கின் குளிர்ந்த வெளிச்சத்தில் அவள் முகம் அமைதியாக, நான் சொல்லப்போகும் பதிலுக்காக ஏங்கிக்கொண்டிருந்தது. எதற்காக இந்தப் பெண் இப்படி அப்பாவை வாராவாரம் கொன்றுகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கடைசி வகுப்பில் மூன்று வருஷமாக யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மேடையில் ஒரு கை அவள் தலைக்கு வருகிறது. அந்தக் கை எத்தனை இனிப்பு என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

“இனிமே அப்படியெல்லாம் நெனைக்காத லோகா” என்றேன்.

“அப்ப எப்படிக்கா அழறது?” என்றாள். நிஜமாகவே தெரியாமல் கேட்டாள்.

குணா சார் கதவைத் திறந்து ஏறினார். “எப்படி இருந்துச்சு?” என்றார். எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத்தான் கேட்டார். “சூப்பர் சார்!” என்றாள் லோகா. வேன் கிளம்பியது.

அதற்குப் பிறகு சில வாரங்கள்தான் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் குணா சார் எனக்குப் போன் செய்தார். சுப்ரா அண்ணனின் லோரி கவிழ்ந்துவிட்டது. டயர் வெடித்து, மழை ஈரத்தில் வழுக்கி, போர்ட்டுக்குப் போகும் ரோட்டில் சாய்ந்துவிட்டதாம். உயிருக்கு ஆபத்தில்லை, கால்தான் நசுங்கியிருக்கிறது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கீழே பூக்கடைக்காரர் யாருக்கோ மாலைக்கு விலை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் மட்டும் எங்கோ தூரத்திலிருந்து கேட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சுப்ரா அண்ணன் காலில் கட்டோடு, இரும்புக் கம்பிகளோடு படுத்திருந்தார். முகமெல்லாம் கீறல். பக்கத்தில் அவர் மனைவி விசிறிக்கொண்டிருந்தார். லோகா கட்டிலின் கால்மாட்டில், பள்ளிச் சீருடையோடு, சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

“வாங்க டீச்சர்” என்றார் சுப்ரா அண்ணன். நான் டீச்சர் ஆகுமுன்பே அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். கொஞ்சம் பேசினோம். பிறகு மகள் பக்கம் கண்ணைக் காட்டி, சிரிப்பது போலச் சொன்னார்: “பாருங்க டீச்சர். மேடையில எனக்காக அந்த அழுவ அழுவா. எங்க கம்பெனில எல்லாருக்கும் போன்ல காட்டியிருக்கேன். இங்க நான் இப்படிக் கெடக்கேன், ஒரு சொட்டு வரலியே?”

சிரிப்பாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. “ஏம்மா? அப்பாவப் பாத்தா ஒனக்கு ஒண்ணும் தோணலியா?” என்றார்.

அடிபட்டுக் கிடக்கும் மனிதர், பிள்ளையின் முகத்தில் கண்ணீரைத் தேடுகிறார். இப்படி ஒரு காட்சியை நான் எங்கும் பார்த்ததில்லை. அவர் மனைவி விசிறியை நிறுத்திவிட்டு, “சும்மா இருங்க” என்று அதட்டினார். லோகாவின் உதடு அசைந்தது. முகத்தை என்னென்னவோ செய்து பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள், மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை. திரும்பி வெளியே போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். தாழ்வாரத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்றாள்.

“நான்தானேக்கா கவுத்தேன்?” என்றாள்.

“என்னடி பேசற?”

“மழை. வெஸ்ட்போர்ட் ரோடு. நான் நெனச்ச மாதிரியேதான் கவுந்துச்சு. வாரா வாரம் நெனச்சேன்லக்கா.”

“டயர் வெடிச்சுச்சு லோகா. அதுதான் காரணம். நீ நெனச்சா லோரி கவுந்துருமா?”

“சார்தானே சொல்வாரு, ஆழமா நெனச்சா நடக்கும்னு.”

ஆமாம். காலை அமர்வில், ‘என்னால் முடியும்’ என்று கத்தவைப்பதற்கு முன்னால், அதைத்தான் சொல்வார். ‘நீ எதை ஆழமா நினைக்கிறியோ அது நடக்கும்.’ திரையில் பெரிய எழுத்தில் வரும். அந்தப் பக்கத்தைத் தட்டுவது நான்தான். அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோள் கட்டைபோல் இறுகிக் கிடந்தது.

அந்த நேரம் பார்த்து குணா சார் பழக்கூடையோடு வந்தார். நிஜமான அக்கறையோடுதான் வந்தார். சுப்ரா அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார், டாக்டரிடம் பேசினார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சனிக்கிழம செலாயாங்ல பெரிய முகாம் அண்ணே. பாப்பா வந்தா நல்லாருக்கும். இப்ப அவ பேசறது எல்லாம் நிஜம். எத்தன புள்ளைங்க வாழ்க்க மாறும் தெரியுமா?” என்றார்.

இல்லை, இப்போது வேண்டாம் என்று அந்த அப்பா சொல்லுவார் என்று நான் காத்திருந்தேன். சுப்ரா அண்ணன் மகளைப் பார்த்தார். “கூட்டிட்டுப் போங்க சார்” என்றார். “அங்கயாச்சும் அழுவறாளா பாப்போம்.”

வேனுக்கு வந்ததும் நான் கத்திவிட்டேன். அதுவரை குணா சாரிடம் குரலை உயர்த்தியதில்லை. “வேணாம் சார், அந்தப் புள்ள ஒடஞ்சு போயிருக்கா” என்றேன். அவர் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார், “அழுதா சரியாயிரும்மா. மனசுல வெச்சிருந்தாத்தான் கெடுதல்.” அவர் அதை முழுசாக நம்பினார் என்பதுதான் எனக்கு இன்றுவரை அடங்காத திகைப்பு.

சனிக்கிழமை செலாயாங் போனோம். லோகா வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே லோரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மண்டபம் பெரியது, பிள்ளைகளும் பெற்றோர்களுமாக நிறைந்திருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கறுப்புத் துணிகளை இழுத்து மூடினேன். விளக்கை அணைத்தேன். இசையைப் போட்டேன். குணா சார் அன்று அற்புதமாகப் பேசினார். மண்டபம் விசும்பத் தொடங்கியதும் லோகாவின் கையில் மைக்கைக் கொடுத்து, “இந்தப் புள்ளைக்கு நேத்து முந்தாநாள் என்ன நடந்துச்சு தெரியுமா? சொல்லும்மா” என்றார்.

மேடையில் ஒரு சின்ன நீல வெளிச்சம் மட்டும். அதில் அவள் நின்றாள். புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இருட்டில் விசும்பல்கள் ஒவ்வொன்றாக நின்று, எல்லாரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

“அக்கா, லைட்டப் போடுங்க” என்றாள் மைக்கில்.

குணா சார் என் பக்கம் திரும்பி வேண்டாம் என்று கையாட்டினார். நான் எல்லா விசைகளையும் ஒன்றாகத் தட்டினேன். பளீரென்று வெளிச்சம். பாதி அழுகையில் மாட்டிக்கொண்ட முகங்கள் ஒன்றையொன்று பார்த்துக் கூசின. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பின்னால் ஒரு பையன் க்ளுக்கென்று சிரித்தான்.

“எங்கப்பா சாகல” என்றாள் லோகா. சாதாரணமாக, வகுப்பில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்வதுபோல். “ஆஸ்பத்திரியில இருக்காரு. காலையில மீகூன் வேணும்னு கேட்டாரு. நான் வாங்கிட்டுப் போகணும். கடை மூடிருவாங்க.”

மைக்கைத் தரையில் வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். பிள்ளைகள் கால்களை மடக்கி வழிவிட்டார்கள். அவள் வாசலைத் தாண்டும்வரை அத்தனை பெரிய மண்டபத்தில் ஒரு சத்தமில்லை, புல்லாங்குழலைத் தவிர. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மடிக்கணினியை அப்படியே விட்டுவிட்டு அவள் பின்னால் ஓடினேன்.

பாசார் சந்தைக்குப் பக்கத்தில் ஓர் ஒட்டுக்கடை இன்னும் திறந்திருந்தது. தமிழ் அக்கா ஒருவர் பெரிய வாணலியில் மிச்சமிருந்த அரிசிச் சேமியாவை, அதாவது மீகூனை, கிளறிக்கொண்டிருந்தார்.

“ஒரு மீகூன், தாப்பாவ், கட்டிக் குடுங்கக்கா” என்றாள் லோகா.

“சம்பால் போடட்டுமா பாப்பா? காரமா இருக்கும்.”

லோகா என்னைப் பார்த்தாள்.

“யாருக்கு, ஒனக்கா?” என்றார் கடைக்கார அக்கா.

“அப்பாக்கு.”

“அப்பா சம்பால் சாப்பிடுவாரா?”

“எனக்குத் தெரியலக்கா” என்றாள் லோகா. என் பக்கம் திரும்பி மறுபடியும், “எனக்குத் தெரியலக்கா. அப்பா சம்பால் சாப்பிடுவாரான்னு தெரியல” என்றாள். அவள் முகம் கோணிக்கொண்டு போனது. மேடையில் நான் பார்த்த அழகான அழுகை இல்லை இது. மூக்கு ஒழுகியது, எச்சில் வழிந்தது, விக்கல் எடுத்தது, ஒரு காலில் செருப்பு கழன்று போயிருந்தது. அந்த அப்பாவை எத்தனை விதமாகச் சாகடித்திருப்பாள்! காய்ச்சலில், லோரியில், மழையில். உயிரோடு இருக்கிற மனிதருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதும் கைவிரிக்கிறாள்.

கடைக்கார அக்கா கரண்டியோடு அதிர்ந்து நின்றார். பிறகு, “தனியாக் கட்டித் தரேன்மா. வேணும்னா போட்டுக்கட்டும் லா” என்று சம்பாலை ஒரு குட்டிப் பையில் முடிந்து கொடுத்தார். லோகா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நல்லா அழுதேனா என்று என்னைக் கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது வேன் வாசலில் நின்றது. குணா சார் உள்ளே உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பின்கதவைத் திறந்துவிட்டார். செலாயாங்கிலிருந்து கிள்ளான்வரை மழையும் நெரிசலும். வேன் முழுக்க மீகூன் வாசம். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டபோதும், பிரிக்பீல்ட்ஸில் என்னை இறக்கிவிட்டபோதும், ‘எப்படி இருந்துச்சு’ என்று அவர் கேட்கவில்லை. அன்றுதான் அவருக்கு வயதாகிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் ஆசிரியர் வேலை கிடைத்துக் கிள்ளானுக்கே வந்துவிட்டேன். குணா சார் முகாம்களைத் தொடர்ந்து நடத்தினார். இருட்டு அமர்வை எடுத்துவிட்டார் என்று ஒருவர் சொன்னார், இல்லை இன்னும் இருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். ஒரே ஒரு முறை போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, “அன்னைக்கு அந்தப் புள்ள விஷயத்துல... நான் பண்ணது தப்பாம்மா?” என்றார். அந்தக் குரல் என்னிடமிருந்து என்ன எதிர்பார்த்தது என்று எனக்குத் தெரியும். ‘இல்ல சார்’ என்று சொல்ல நாக்கு வரவில்லை. ‘ஆமா சார்’ என்று சொல்லவும் வரவில்லை. “சாப்பிட்டீங்களா சார்?” என்றேன். அவர் சில வருஷத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு நடுவில் அவர் குரலைத் தாழ்த்தும்போது மின்விசிறிச் சத்தம்கூட அடங்குவது போலிருக்கும். அப்படி ஒரு குரலை நான் அப்புறம் கேட்கவில்லை.

லோகா பி.எம்.ஆர்.இல் எட்டு ஏ எடுக்கவில்லை. ஓர் ஏ-கூட இல்லை. தமிழில் பி, மற்றதெல்லாம் கீழே. முடிவு வந்த அன்று சுப்ரா அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கு வந்தாராம். மகளைத் திட்டவில்லை, கட்டிப்பிடிக்கவும் இல்லை. “பசிக்குது, வா சாப்பிடப் போலாம்” என்றாராம். இதை அவளே சொன்னாள். இப்போது அவள் போர்ட் கிள்ளானில் ஒரு சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் வேலை செய்கிறாள். எனக்கு அவ்வப்போது புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) பூனைப் படங்கள் அனுப்புவாள்.

அந்த மண்டபங்களில் சில இடிந்துவிட்டன, சிலவற்றில் இப்போது பூப்பந்து விளையாடுகிறார்கள். பி.எம்.ஆர். போய் வேறு பெயரில் ஒரு பரீட்சை வந்தது. பிறகு அதுவும் இனி இல்லை என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. செய்தியை ஆசிரியர் அறையில் கேட்டோம். மூன்றாம் படிவத்தில் இப்போது அப்படி எந்தப் பரீட்சையும் கிடையாது. பிள்ளைகள் பாட்டுக்கு நான்காம் படிவத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்தச் செய்தி வந்த அன்று சாயங்காலம் லோகா போன் செய்தாள். பின்னால் ஏதோ வண்டி பின்னோக்கி வரும் சத்தம் பீப் பீப் என்று கேட்டது.

“அக்கா, கேட்டீங்களா? பரீட்சையையே எடுத்துட்டாங்களாம்.”

“கேட்டேன்.”

பீப் சத்தம் நின்றது.

“அப்ப அந்த எட்டு ஏ?” என்றாள்.

“இல்ல.”

“யாருக்குமே இல்லியா?”

“யாருக்குமே இல்ல லோகா.”